லாரியின் கணினி சொல்லும் சாட்சி: விபத்துக்குப் பின் மின்னணுப் பதிவுகளைக் காப்பது எப்படி?

நெடுஞ்சாலையோரக் குடியிருப்பிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட ஒருவர் சரக்கு லாரி மோதி இறக்கும்போது, அந்த மரணத்தின் முதல் வரலாறு சில மணி நேரத்துக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. 'திடீரெனக் குறுக்கே வந்தார்', 'மது அருந்தியிருந்தார்', 'விளக்கில்லாமல் வண்டி ஓட்டினார்' என்னும் வாக்கியங்கள் முதல் தகவல் அறிக்கையில் ஏறும் நேரத்தில், இறந்தவரின் குடும்பம் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்களாக இருந்தால், 'உறவினர் சாட்சி', 'ஊர்க்காரர் சாட்சி' என்று அவர்களின் சொல் பின்னர் தள்ளுபடி செய்யப்படுகிறது. யாருடைய சொல்லுக்கு எடை உண்டு என்பதைச் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில், சாலை விபத்து விசாரணையும் அதற்கு விலக்கல்ல.

ஆனால் இன்றைய சரக்கு லாரி தன் ஓட்டத்தைத் தானே பதிவுசெய்துகொண்டிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது, எங்கே நின்றது, எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்பனவெல்லாம் எங்கோ ஓரிடத்தில் எண்களாக இருக்கின்றன. அந்த எண்கள் சாதி பார்ப்பதில்லை. எனினும் அவை இருக்குமிடம் எதிர்த்தரப்பின் கையில். இருக்கும் காலமோ மிகக் குறைவு. கேட்க வேண்டியதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வழி நாம் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. எங்கே, யாரிடம், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் கேட்பது என்பதைக் களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறோம்.

இழப்பின் கணக்கு

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில், அதாவது 64,105 விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு. உயிரிழந்தோர் 17,884 பேர். இந்த அறிக்கையில் வயது உண்டு, பால் உண்டு, வாகன வகை உண்டு, சாதி இல்லை. நிலமின்றி, சாலையோரப் புறம்போக்கில் குடியமர்த்தப்பட்டு, கூலி வேலைக்கு நடந்தோ பழைய இருசக்கர வாகனத்திலோ செல்லும் மக்கள் யார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வெற்றிடம் எதைச் சொல்கிறது என்பது புரியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 32 வயதுடைய விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் இறக்கிறார். அவரைச் சார்ந்திருப்போர் நால்வர். தீர்ப்பாயம் அவருடைய மாத வருவாயை 12,000 ரூபாய் என்று ஏற்பதாகக் கொள்வோம். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த முறைப்படி, எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 16,800; சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16 என்பதால் இழப்பீடு 24,19,200 ரூபாய்.

இறந்தவர் மீதும் தவறு உண்டு என்று கருதி, அவருடைய பங்களிப்புக் கவனக்குறைவு 40 விழுக்காடு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், அக்குடும்பம் 9,67,680 ரூபாயை இழக்கும். எவர் தவறு என்று மெய்ப்பிக்கத் தேவையில்லாத மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவை நாடினால், மரணத்துக்குக் கிடைப்பது 5 லட்சம். மோதிய லாரி எதுவென்றே தெரியாமல் போனால், 161ஆம் பிரிவின்கீழ் வெறும் 2 லட்சம். 24 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் இடையிலான தொலைவு பெரும்பாலும் சான்றின் தொலைவுதான்.

பதிவுகள் எங்கே இருக்கின்றன?

1. இருப்பிடத் தடக் கருவி. ஏஐஎஸ் 140 தரத்தில் அமைந்த இக்கருவியைப் பேச்சுவழக்கில் ஜிபிஎஸ் என்றே சொல்கிறோம். தேசிய அனுமதி பெற்ற புதிய சரக்கு வாகனங்களிலும், ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்லும் கனரக வாகனங்களிலும் இது இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. கடன் கொடுத்த நிதி நிறுவனமோ உரிமையாளரோ தம் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருக்கும் தனியார் ஜிபிஎஸ் கருவிகளும் பல லாரிகளில் உண்டு. இருப்பிடம், நேரம், வேகம் ஆகியவை கருவியிலும், கருவியை விற்ற நிறுவனத்தின் சேவையகத்திலும் பதிவாகின்றன. வண்டியின் மின் இணைப்பைத் துண்டித்தாலும் 4 மணி நேரம் இயங்கக்கூடிய மின்கலம் ஏஐஎஸ் 140 கருவிக்குள் இருக்க வேண்டும்.

2. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளின் எஞ்சின், கணினியால் இயக்கப்படுவது. பிரேக், எஞ்சின் கோளாறுக் குறியீடுகள் இதில் சேமிக்கப்படுகின்றன. திடீர் பிரேக், வேக மீறல் போன்ற நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் மாதிரிகளும் உண்டு. டாடா மோட்டார்ஸின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற சேவைகள் வழியாக வண்டியின் ஓட்டம் பற்றிய தகவல் தயாரிப்பு நிறுவனத்தின் சேவையகத்துக்கும் செல்கிறது. ஆகவே உரிமையாளர் 'என்னிடம் இல்லை' என்றாலும், கேட்பதற்கு இன்னோர் இடம் இருக்கிறது.

3. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மத்திய மோட்டார் வாகன விதி 118இன்படி சரக்கு வாகனங்களின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள்ளும், டிப்பர், டேங்கர் ஆகியவற்றின் வேகம் 60 கிலோமீட்டருக்குள்ளும் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கருவியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால், அதுவே உரிமையாளரின் கவனக்குறைவுக்குச் சான்று.

4. ஃபாஸ்டேக். ஒவ்வொரு சுங்கச்சாவடியையும் லாரி கடந்த நேரம், அட்டை வழங்கிய வங்கியின் கணக்கில் பதிவாகியிருக்கும். 60 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு சாவடிகளை ஒரு லாரி 36 நிமிடத்தில் கடந்திருந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். இதைக் கணக்கிட வல்லுநர் தேவையில்லை. மோதிவிட்டு நிற்காமல் சென்ற லாரியைக் கண்டறியவும், அடுத்த சாவடியில் அந்த நேரத்தில் பதிவான வாகனங்களின் பட்டியலே முதல் வழி.

5. சரக்கு ஆவணங்கள். மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும். யாருடைய சரக்கு, எங்கிருந்து எங்கே, எந்த வண்டியில் என்பது அதில் இருக்கும். மணல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் வண்டிகளுக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு உண்டு. எடை மேடைச் சீட்டு அளவுக்கு மீறிய பாரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

6. ஒளிப்பதிவுகளும் அலைபேசியும். லாரியின் முன்கண்ணாடிக் கேமரா, சுங்கச்சாவடி, பெட்ரோல் நிலையம், தேநீர்க்கடை ஆகியவற்றின் சிசிடிவி ஆகியன இதில் அடங்கும். ஓட்டுநர் அந்த நிமிடத்தில் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாரா என்பதை அழைப்புப் பதிவு சொல்லும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்புப் பதிவை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு அவசரம் குறைவு.

எப்படி அழிகின்றன?

மின்னணுப் பதிவு அழிய யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. காலமே போதும். கடைகளின் சிசிடிவிப் பதிவுப் பெட்டி நிறைந்தவுடன் பழைய காட்சியின் மேல் புதிய காட்சியைப் பதிகிறது. சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். ஏஐஎஸ் 140 கருவி குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைச் சேமிக்க வேண்டும் என்பது தரவிதி. 5 நொடிக்கு ஒன்று வீதம் பதிந்தால் அந்த அளவு ஏறத்தாழ 55 மணி நேரத்தில் நிரம்பிவிடும். லாரியை விடுவித்து மீண்டும் ஓட்டத் தொடங்கினால் பழையவை கருவியிலிருந்து மறையக்கூடும். எஞ்சின் கணினியோ, சாவியைத் திருகினாலே புதிய நிகழ்வைப் பதியத் தொடங்கும். பணிமனையில் கோளாறுக் குறியீடுகளை அழிப்பது ஒரு பொத்தானின் வேலை.

இங்கேதான் வாகன விடுவிப்பு முக்கியமாகிறது. கைப்பற்றப்பட்ட வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்படி உரிமையாளர் மனு செய்து லாரியை விரைவில் எடுத்துச் செல்கிறார். அதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்து 'விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை' என்று எழுதுவதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. கணினியை எவரும் திறப்பதில்லை.

சட்டமும் இங்கே ஓர் இடைவெளியை விட்டிருக்கிறது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்வதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டுதான். ஆகவே விபத்து மரணங்களில் தடயவியல் ஆய்வு தானாக வராது. நாம் கேட்டால்தான் வரும்.

முதல் ஏழு நாள்

முதல் நாளில் நிகழ்விடத்துக்குச் செல்வோர், லாரியின் முன்பக்கம், பின்பக்கம், பதிவெண், டயர் தடங்கள், இரு வாகனங்களும் நிற்கும் நிலை ஆகியவற்றை அலைபேசியில் படமெடுக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் நிறுவனத்தின் ஒட்டி, கதவில் எழுதியுள்ள போக்குவரத்து நிறுவனத்தின் பெயர், அனுமதி விவரம் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுங்கள். யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதை அந்தப் படங்களே சொல்லும். வண்டிக்குள் ஏறவோ எந்தக் கருவியையும் கழற்றவோ கூடாது. அது சான்றைக் கெடுத்ததாகிவிடும். எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவை சுருங்கிவிடும் என்பதால், எடுத்த அலைபேசியிலேயே மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். இறந்தவரின் அலைபேசி, தலைக்கவசம், உடை ஆகியவையும் சான்றுகளே.

இரண்டாம், மூன்றாம் நாள்களில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுங்கள். எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணை இட்டால் காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றின் நிலை தெரியும். சாலையோரக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கடைக்காரரிடம் அந்த நாளின் காட்சியை அழியாமல் வைத்திருக்கச் சொல்லி, காவல் ஆய்வாளருக்கு எழுதும் மனுவில் அந்த இடங்களைப் பட்டியலிடுங்கள்.

ஏழு நாளுக்குள் மூன்று கடிதங்கள் போக வேண்டும். முதலாவது, விசாரணை அதிகாரிக்கும் அதன் நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும். சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு மின்னணுக் கருவிகளையும் தகவல்களையும் வரவழைக்கும் அதிகாரத்தைக் காவல் நிலையப் பொறுப்பாளருக்கும் நீதிமன்றத்துக்கும் அளிக்கிறது. கைப்பற்றுவதைக் காணொலியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று 105ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாவது, லாரி உரிமையாளர், போக்குவரத்து நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் ஆகியோருக்கு. மூன்றாவது, ஜிபிஎஸ் நிறுவனம், லாரித் தயாரிப்பு நிறுவனம், சுங்கச்சாவடி ஆகியவற்றுக்கு. எல்லாமே பதிவுச் சேவையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும், முகவரி கிடைத்தால் மின்னஞ்சலிலும் போகட்டும். கேட்டதற்கான சான்றே பிற்பாடு நம் கையிலுள்ள வலுவான ஆயுதம்.

உரிமையாளருக்கான கடிதத்தின் உடல் இவ்வாறு அமையலாம்:

"தங்களுக்குச் சொந்தமான (பதிவெண்) லாரி (தேதி, நேரம், இடம்) மோதி என் கணவர் உயிரிழந்தார். இது தொடர்பாக (காவல் நிலையம், குற்ற எண்) வழக்கு பதிவாகியுள்ளது. விபத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்கும் பிந்தைய 24 மணி நேரத்துக்கும் உரிய ஜிபிஎஸ் பதிவுகள், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் பதிவுகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்கண்ணாடிக் கேமராக் காட்சிகள், ஃபாஸ்டேக் கணக்கு, மின்வழிச் சீட்டு, எடைச் சீட்டு, ஓட்டுநரின் பணிநேரக் குறிப்பு, அவருக்கு அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை அழிக்காமலும் மாற்றாமலும் பாதுகாக்குமாறு கோருகிறேன். உரிய அதிகாரி பதிவுகளை எடுக்கும்வரை லாரியை இயக்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. இக்கடிதம் கிடைத்த பின் மேற்கண்டவை அழிக்கப்பட்டால், அது தங்களுக்கு எதிராகக் கருதப்பட வேண்டும் என்று நீதிமன்றத்தில் வேண்டுவேன்."

கடைசி வாக்கியம் வெறும் மிரட்டலன்று. தன் கையிலிருந்த சான்றை ஒருவர் முன்வைக்காவிட்டால், அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பாரதிய சாட்சிய அதிநியத்தின் 119ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. நீதிமன்றத்தில் சான்றாக வருவதைத் தடுக்கும் நோக்கில் மின்னணு ஆவணத்தை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

உரிமையாளர் லாரியை விடுவிக்க மனு செய்யும்போது, அதே நீதித்துறை நடுவரிடம் குடும்பத்தின் சார்பில் ஆட்சேபனை மனு தாக்கல் செய்யலாம். விடுவிப்பையே எதிர்க்க வேண்டியதில்லை. பதிவுகளை வல்லுநரைக் கொண்டு நகலெடுத்த பிறகு விடுவியுங்கள் என்று கேட்டாலே போதும். நியாயமான இந்தக் கோரிக்கையை மறுப்பது கடினம்.

நீதிமன்றம் ஏற்கும் வடிவம்

பதிவு கிடைத்தால் மட்டும் போதாது. ஏற்கத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும். மின்னணுச் சான்றோடு சான்றிதழ் இணைப்பது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி அச்சான்றிதழ் இரு பகுதிகளைக் கொண்டது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும், வல்லுநர் மறு பகுதியிலும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும்.

ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே பென் டிரைவில் கோப்பைப் பெறும்போதே அதன் ஹாஷ் மதிப்பை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சான்றிதழ் தர ஒரு நிறுவனம் மறுத்தால், அதைத் தருமாறு உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அதே தீர்ப்பு வழிகாட்டியிருக்கிறது.

இழப்பீட்டு வழக்கில் குற்ற வழக்கு அளவுக்குக் கடுமையான மெய்ப்பிப்பு தேவையில்லை. எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்புண்டு என்பதையே தீர்ப்பாயம் பார்க்கும். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 169ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு அளிக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாளுக்குள் குடும்பத்துக்குத் தர வேண்டும். இவற்றைச் செம்மையாக நிறைவேற்றுமாறு கோஹர் முகமது வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. நம் பட்டியலிலுள்ள மின்னணுப் பதிவுகள் விரிவான அறிக்கையில் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் தீர்ப்பாயத்திடமே முறையிட வேண்டும்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 166(3)ஆம் பிரிவு. இவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருப்பினும், அதை நம்பிக் காலம் தாழ்த்துவது அறிவுடைமையாகாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. இறுதிச் சடங்குக்கென்று உரிமையாளர் தரப்பு கொடுக்கும் பணத்துக்கு ஈடாக, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெற்றுத் தாளிலோ 'இனி கோரிக்கை இல்லை' என்ற தாளிலோ கையொப்பமிடக் கூடாது. கட்டப்பஞ்சாயத்தில் போகும் அந்த ஒரு வாரத்தில்தான் பதிவுகளும் போய்விடுகின்றன.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை

எண்களையும் கேள்வி கேட்க வேண்டும். ஜிபிஎஸ் கருவியின் நேரமும் சிசிடிவியின் நேரமும் சில நிமிடங்கள் வேறுபடலாம். இரண்டிலும் தெரியும் ஒரே நிகழ்வைக் கொண்டு வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் அருகில் ஜிபிஎஸ் இருப்பிடம் சில மீட்டர்கள் விலகும். எஞ்சின் கணினி காட்டும் வேகம் சக்கரத்தின் அளவைச் சார்ந்தது. டயர் மாற்றப்பட்டிருந்தால் பிழை வரும். ஃபாஸ்டேக் தருவது சராசரி வேகம். மோதிய கணத்தின் வேகமன்று. ஒற்றைப் பதிவை நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுவதே முறை. பதிவுகள் சில வேளைகளில் நமக்குப் பாதகமாகவும் பேசலாம். அதை முன்கூட்டியே அறிவது வழக்கைச் சரியாக நடத்த உதவும்.

விபத்தா, கொலையா?

2025 சனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகள் குறித்துத் தொடர்ந்து புகார் அளித்துவந்த ஜகபர் அலி, இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதி உயிரிழந்தார். முதலில் விபத்தாகப் பதிவான வழக்கு, குடும்பத்தினரின் புகாருக்குப் பின் கொலை வழக்காக மாற்றப்பட்டு, சிபிசிஐடிக்குச் சென்றது. லாரி ஓர் ஆயுதமாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இவ்வழக்கு அண்மைக் காலச் சான்று. நில உரிமைக்காகவும் வன்கொடுமை வழக்குகளில் சாட்சியாகவும் நிற்கும் தலித் செயல்பாட்டாளர்கள் இதை மறக்கலாகாது.

இறந்தவருக்கு முன்பே மிரட்டல் இருந்திருந்தால், அதை முதல் புகாரிலேயே எழுத வேண்டும். லாரி ஒரே இடத்தில் நெடுநேரம் காத்திருந்ததா, வழக்கமில்லாத பாதையில் வந்ததா, மோதுவதற்கு முன் பிரேக் பிடிக்கவே இல்லையா என்னும் கேள்விகளுக்கு விடை தரக்கூடியவை மேற்சொன்ன பதிவுகளே. சாதிவெறி நோக்கம் தெரியவந்தால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவைச் சேர்க்கக் கோர வேண்டும். அப்போது விசாரணையை, விதி 7இன்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும்.

ஓட்டுநரும் நம்மவரே

லாரி ஓட்டுபவரும் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளிதான். பல வேளைகளில் தலித் இளைஞர். விபத்து நடந்தவுடன் சிறைக்குப் போகிறவர் அவர். லாரி உரிமையாளரோ ஜாமீன் மனுவோடு விலகிக்கொள்கிறார். ஆனால் 72 மணி நேரப் பதிவு இன்னொரு கதையையும் சொல்லக்கூடும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பணிநேரத்தை வரையறுத்தது. லாரி 18 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தால், மாற்று ஓட்டுநர் இல்லையென்றால், 'விடிவதற்குள் சரக்கு சேர வேண்டும்' என்று குறுஞ்செய்தி வந்திருந்தால், குற்றம் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையோடு முடிவதில்லை. இறந்தவருக்கும் ஓட்டியவருக்கும் பொதுவான நீதி அந்தப் பதிவுகளுக்குள் இருக்கிறது. அதனால்தான் அவை அழிவதில் மேலே இருப்பவர்களுக்கு ஆதாயம்.

நாம் கோருவது

அமெரிக்காவில் லாரி ஓட்டுநரின் பணிநேரப் பதிவை நிறுவனம் 6 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே, உயிரிழப்பு நேர்ந்த விபத்தில் லாரியின் எஞ்சின் கணினிப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று வெளிப்படையான பொதுவிதி இல்லை. அந்தப் பொறுப்பு, படித்து எழுதத் தெரிந்த உறவினர் ஒருவர் இருக்கிறாரா என்னும் தற்செயலுக்கு விடப்பட்டிருக்கிறது.

எனவே, உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு சரக்கு வாகன விபத்திலும், வாகனத்தை விடுவிக்கும் முன் அதன் மின்னணுப் பதிவுகளை ஹாஷ் மதிப்போடு நகலெடுப்பதைத் தமிழ்நாடு அரசு காவல் துறைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். அந்த நகலின் பட்டியலை விரிவான விபத்து அறிக்கையில் சேர்த்து, குடும்பத்துக்கு வழங்க வேண்டும். சாலை விபத்துப் புள்ளிவிவரங்களில் இறந்தோரின் சமூகப் பிரிவும் இடம்பெற வேண்டும்.

அதுவரை இந்தப் பணியைச் செய்ய வேண்டியவர்கள் குடியிருப்புகளிலுள்ள இளைஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களுமே. மேலே தந்துள்ள கடிதத்தைப் படியெடுத்து ஊர்ப் படிப்பகத்தில் வைத்திருங்கள். பதிவெண், தேதி, நேரம், இடம், காவல் நிலையம், குற்ற எண் ஆகியவற்றை நிரப்பினால் அது அனுப்பத் தயார். அதை அனுப்ப ஓர் அஞ்சல் கட்டணமும் ஒரு மணி நேரமும் போதும். ஏழு நாள் கடந்தபின் எவ்வளவு செலவிட்டாலும் அந்த எண்கள் திரும்பி வராமல் போகலாம்.